பஜ்ஜிச் சட்டியும் பஸ் புகையும்

மாலை 5 மணிக்குமேல் கோவை - மேட்டுப்பாளையம் சாலையில் துடியலூரைக் கடக்கப் பொறுமை வேண்டும். ஊட்டிக்கு ஏறும் சுற்றுலா வேன்கள், மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டிக்குப் போய்வரும் லாரிகள், காந்திபுரத்திலிருந்து வரும் டவுன் பஸ்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நின்று நின்று நகரும். நின்ற வண்டி கிளம்பும்போதுதான் புகை அதிகம். பழைய லாரி ஒன்று முதல் கியரில் மூச்சுப் பிடித்து நகர்ந்தால், பின்னால் வரும் இருசக்கர வாகனக்காரர் முந்தானையையோ கைக்குட்டையையோ மூக்கில் வைத்துக்கொள்கிறார்.

சாலையோரத்தில் அதே நேரம் வேறொரு புகை எழுந்துகொண்டிருக்கும். பஜ்ஜி, போண்டா, மிளகாய் வடை போடும் இரும்புச் சட்டிகளின் புகை அது. கடை எடுத்து வைக்கும்போது அந்தச் சட்டியின் அடியில் கறுத்துத் திரண்ட எண்ணெய் கொஞ்சம் மிஞ்சும். அதை என்ன செய்வது என்பது அன்றாடக் கேள்வி. மறுநாள் புது எண்ணெயோடு கலப்பார்கள், சாக்கடையில் ஊற்றுவார்கள், அல்லது குறைந்த விலைக்கு யாருக்காவது விற்பார்கள்.

பத்தடி இடைவெளியில் இருக்கும் இந்த இரண்டு புகைக்கும் ஓர் உறவு உண்டு. சட்டியில் மிஞ்சும் எண்ணெயைப் பக்குவப்படுத்தினால் சாலையில் போகும் டீசல் வண்டி அதில் ஓடும், புகையும் குறையும். வேதியியல் பாடப்புத்தகத்தில் எப்போதோ ஏறிவிட்ட சங்கதி இது. அப்படியிருந்தும் நம் ஊர்ப் பெட்ரோல் பங்கில் அது ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு விடை தேடினால், கோவை மாவட்ட விவசாயிகள் கைப்பணம் இழந்து கற்றுக்கொண்ட ஒரு பாடத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

டீசல் இன்ஜினும் தாவர எண்ணெயும் ஒன்றுக்கொன்று புதியவை அல்ல. 1900-இல் பாரிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் ஓட்டோ நிறுவனம் ஒரு சிறிய டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. நிலக்கடலை நிறைய விளையும் தன் ஆப்பிரிக்கக் காலனிகளில் எரிபொருளை அங்கேயே எடுக்க முடியுமா என்று பிரெஞ்சு அரசு யோசித்த காலம் அது. இன்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலே இதைப் பின்னர் பதிவு செய்திருக்கிறார். ஆகஸ்ட் 10-ஐ உலக உயிரி எரிபொருள் நாளாகக் கொண்டாடும்போது, 1893-இல் அதே நாளில் அவர் கடலை எண்ணெயில் இன்ஜினை ஓட்டினார் என்று மேடைகளில் சொல்வதுண்டு. அந்த நாள் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய முதல் மாதிரி இன்ஜின் சோதிக்கப்பட்ட நாள். கடலை எண்ணெய் வந்தது ஏழு ஆண்டு கழித்து, பாரிஸில்.

கடலை எண்ணெயில் ஓடும் என்றால் செக்கில் ஆட்டியதை அப்படியே டேங்கில் ஊற்றலாமே என்று தோன்றும். ஊற்றினால் வண்டி கிளம்பும், ஓடவும் செய்யும். கொஞ்ச நாளில் மெக்கானிக்கைத் தேட வேண்டியிருக்கும். தாவர எண்ணெய் டீசலைவிடச் சுமார் பத்து மடங்கு கொழகொழப்பானது. டீசல் இன்ஜினின் நாசில், எரிபொருளைப் பனிபோலத் தூவ வேண்டும். கொழகொழப்பான எண்ணெய் பனியாகத் தூவாமல் துளித்துளியாக விழும், அரைகுறையாக எரியும். நாசில் முனையில் கரி கட்டும், பிஸ்டன் ரிங்குகள் ஒட்டிக்கொள்ளும், இன்ஜின் ஆயில் தடித்துப்போகும். கோவையில் எந்த 'பம்ப் நாசில்' பட்டறையில் கேட்டாலும் இதன் செலவு எவ்வளவு என்று சொல்வார்கள்.

இந்தச் சிக்கலுக்கு 1937-இல் பெல்ஜியத்தின் ஷவான் என்ற அறிஞர் காப்புரிமையோடு ஒரு தீர்வு கொடுத்தார். எண்ணெய் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஒரு கிளிசரின் தண்டில் மூன்று கொழுப்பு அமில வால்கள் தொங்கும் அமைப்பு. எண்ணெயை வெந்நீர்ச் சூட்டைவிடச் சற்றே கூடுதலாக, 60 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்து, சாராய வகைத் திரவம் ஒன்றையும் கொஞ்சம் காரத்தையும் சேர்த்துக் கலக்கினால் மூன்று வால்களும் தண்டை விட்டுப் பிரியும். இன்று இதற்குப் பெரும்பாலும் மெத்தனாலையும் காஸ்டிக் சோடாவையும் பயன்படுத்துகிறார்கள். கலவையை அசையாமல் வைத்தால் கனமான கிளிசரின் அடியில் தங்கும், மேலே தெளிந்து நிற்பது பயோடீசல். 100 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 11 கிலோ மெத்தனால் போட்டால் ஏறக்குறைய 100 கிலோ பயோடீசலும் 10 கிலோ கிளிசரினும் கிடைக்கும். சோப்பு காய்ச்சத் தெரிந்தவருக்கு இந்த வேலையில் பாதி புரிந்துவிடும். எண்ணெயில் அமிலத்தன்மை அதிகமாக இருந்தாலும் ஈரம் இருந்தாலும் பயோடீசலுக்குப் பதில் சோப்புத்தான் வரும் என்பதே இதிலுள்ள பெரிய தலைவலி. 1938-இல் பனை எண்ணெயிலிருந்து இப்படி எடுத்த எரிபொருளை ஊற்றி பிரஸ்ஸல்ஸ் நகரிலிருந்து லூவன் வரை ஒரு பயணிகள் பேருந்தை ஓட்டினார்கள். பிறகு மலிவான பெட்ரோலியம் வந்தது, பேருந்தும் மறந்துபோனது.

கோவைக்கும் இந்த வேலை அந்நியமல்ல. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் பொறியியல் பிரிவு 2000-களில் நாளொன்றுக்கு 250 லிட்டர் பயோடீசல் எடுக்கும் சிறு ஆலையை வடிவமைத்தது. மேட்டுப்பாளையத்தில் உள்ள வனக் கல்லூரியில் காட்டாமணக்கு, புங்கன் போன்ற எண்ணெய் மரங்களில் நல்ல ரகம் தேடும் வேலை நடந்தது. இந்த வட்டாரத்துப் பொறியியல் கல்லூரி எதிலும் இன்ஜின் ஆய்வகத்துக்குள் நுழைந்தால் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின் ஒன்று நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும். அதன் புகைக் குழாயில் வாயு அளக்கும் கருவி மாட்டியிருக்கும். புங்கன், இலுப்பை, புன்னை, வேம்பு, ரப்பர் விதை என்று அந்த இன்ஜின் குடிக்காத எண்ணெய் இல்லை.

புகை உண்மையில் எவ்வளவு குறையும்? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதுவரை நடந்த இன்ஜின் சோதனைகளைத் தொகுத்து 2002-இல் வெளியிட்ட கணக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்தச் சோதனைகளில் பெரும்பாலும் சோயா எண்ணெய், கனரக வாகன இன்ஜின். டீசலில் 20 சதவீதம் பயோடீசல் கலந்தபோது புகைத்துகள் சுமார் 10 சதவீதமும், கார்பன் மோனாக்சைடு 11 சதவீதமும், எரியாத ஹைட்ரோகார்பன் 21 சதவீதமும் குறைந்தன. முழுக்க பயோடீசலே ஊற்றியபோது துகளும் கார்பன் மோனாக்சைடும் ஏறக்குறையப் பாதியாயின, ஹைட்ரோகார்பன் மூன்றில் ஒரு பங்காக இறங்கியது.

காரணம் எளிது. டீசலில் ஆக்சிஜன் இல்லை. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் முழுவதும் காற்றிலிருந்து வர வேண்டும். துளியின் நடுப்பகுதிக்குக் காற்று எட்டாத இடத்தில் எரிபொருள் கருகிக் கரித்துகளாகிறது. பயோடீசலின் எடையில் சுமார் 11 சதவீதம் ஆக்சிஜன். காற்று எட்டாத இடத்தில் தன்னிடம் உள்ளதைக் கொண்டே அது எரிந்துவிடும். கந்தகமும் அதில் இல்லை என்றே சொல்லலாம்.

ஆனால் அதே கணக்கில் ஒரு வரி எதிர்த் திசையில் போகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் 20 சதவீதக் கலவையில் சுமார் 2 சதவீதமும், முழு பயோடீசலில் 10 சதவீதமும் கூடின. காற்றில் உள்ள நைட்ரஜன், இன்ஜினின் கடும் சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து உண்டாவது இந்த வாயு. நுரையீரலை எரிச்சலூட்டும், வெயிலில் ஓசோன் உருவாகவும் காரணமாகும். பயோடீசல் பிரசாரங்களில் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. எரிபொருள் தெளிக்கும் நேரத்தைச் சற்றுத் தள்ளிவைத்தும், புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் திருப்பியும் இதைக் குறைக்கலாம். வாங்குபவருக்கு அதைச் சொல்லிவிட்டே விற்க வேண்டும்.

கொங்குப் பகுதியில் இது யாருக்குப் பயன்படும் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் பிஎஸ்-6 மாசு விதிக்குட்பட்ட டீசல் வண்டிகளில் புகைத்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது, டீசலில் கந்தகமும் பத்து லட்சத்தில் 10 பங்காக இறங்கிவிட்டது. அந்த வண்டிகளுக்குப் பயோடீசலால் வரும் கூடுதல் லாபம் குறைவு. அதிக அளவு கலந்தால் தயாரிப்பாளர் உத்தரவாதம் போய்விடும் என்ற கவலையும் உண்டு. பழைய இன்ஜின்களின் கதை வேறு. திருச்செங்கோட்டிலிருந்து நாடு முழுக்கப் போகும் போர்வெல் ரிக் வண்டிகளின் கம்பிரசர்கள், பதினைந்து வயதான டிராக்டர்கள், 2008-க்குப் பிந்தைய மின்வெட்டுக் காலத்தில் திருப்பூரிலும் கோவையிலும் தொழிற்கூடம்தோறும் வாங்கி வைத்த ஜெனரேட்டர்கள் இவற்றுக்கு வடிகட்டி கிடையாது. அவை விடும் புகை, பக்கத்தில் நிற்பவரின் நெஞ்சுக்குள் நேராகப் போகிறது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் உறுதியாக அறிவித்தது. ரிக் வண்டியில் இரவு முழுக்கக் கம்பிரசர் பக்கத்தில் நிற்கும் பையனுக்கு 10 சதவீதத் துகள் குறைவு என்பதும் சிறிய எண் அல்ல.

இத்தனை தெரிந்தும் ஏன் நடக்கவில்லை? நடத்திப் பார்த்தார்கள். காட்டாமணக்கைக் கொண்டு நடத்திப் பார்த்தார்கள்.

காட்டாமணக்கு நம் ஊர் வேலிச்செடி. மத்திய அமெரிக்காவிலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக வந்து நம் தோட்டத்து வரப்புகளில் வேர்விட்டது. ஆடு மாடு வாய் வைக்காது, அதனாலேயே வேலிக்கு ஆனது. விதை நஞ்சு. குழந்தைகள் தெரியாமல் தின்று வாந்தி பேதியோடு ஆஸ்பத்திரிக்குப் போவது உண்டு. அந்த விதையில் 30 சதவீதத்துக்கு மேல் எண்ணெய். சாப்பிட உதவாத எண்ணெய், தண்ணீர் இல்லாத நிலம், வேலை இல்லாத கிராமம் இம்மூன்றையும் சேர்த்தால் டீசல் கிடைக்கும் என்ற கனவு 2003-இல் திட்டக் குழுவின் அறிக்கையாக வந்தது. 2011-12-க்குள் டீசலில் 20 சதவீதம் பயோடீசல், அதற்கு ஒரு கோடி ஹெக்டேருக்கும் மேல் காட்டாமணக்கு என்பது இலக்கு. அதற்குச் சற்று முன், 2002 டிசம்பர் 31 அன்று, டெல்லி - அமிர்தசரஸ் சதாப்தி ரயில் 5 சதவீத பயோடீசல் கலவையில் ஓடியது. திருச்சி - லால்குடி பாதையிலும் தெற்கு ரயில்வே காட்டாமணக்கு எண்ணெய்க் கலவையில் ரயில் ஓட்டியது. தமிழக அரசு மானியம் கொடுத்தது, வங்கிகள் கடன் கொடுத்தன, நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டுக் கன்று கொடுத்தன. கோவை மாவட்டத்து மானாவாரி நிலங்களில் வேலியில் இருந்த செடி நடுக்காட்டுக்கு வந்தது.

சில ஆண்டுகள் கழித்து, பார்சிலோனாவைச் சேர்ந்த பெரே அரிசா-மொந்தோபியோவும் பெங்களூரின் சரத்சந்திர லேலேயும் கோவை, திருவண்ணாமலை மாவட்டக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். 2010-இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு மனதைக் கனக்கச் செய்வது. சொன்ன மகசூல் கிடைக்கவே இல்லை. தண்ணீர் பாய்ச்ச முடிந்தவருக்கு மட்டுமே ஏதோ வாய்ப்பு இருந்தது. நிலக்கடலை விளைந்த இடத்தில் காட்டாமணக்கு நின்றதால் வீட்டுக்கு எண்ணெயும் போயிற்று, மாட்டுக்குக் கொடியும் போயிற்று. அதிகம் அடிபட்டவர்கள் ஏழை விவசாயிகளும் பின்தங்கிய சமூகத்தினரும். பலர் செடியைப் பிடுங்கி எறிந்தார்கள்.

எங்கே தப்பு நடந்தது என்று தோட்டத்துக்காரர் எவரும் சொல்லிவிடுவார். தண்ணீர் இல்லாமல் பிழைப்பது வேறு, தண்ணீர் இல்லாமல் காய்ப்பது வேறு. வேலியில் நின்றபோது காட்டாமணக்கிடம் யாரும் மகசூல் கேட்கவில்லை, அது பிழைத்தால் போதும் என்றிருந்தது. காய்க்கச் சொன்னபோது அதுவும் மற்றப் பயிர்போலத் தண்ணீரும் எருவும் கேட்டது. காய் ஒரே நேரத்தில் பழுக்காது. ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை ஆள் விட வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனிக் கூலி கொடுக்கும் மண்ணில் காட்டாமணக்குக் காய் பறிக்க யார் வருவார்?

திட்டக் குழுவின் கணக்கையே முழுதாக நம்பினாலும் எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்க்கலாம். ஒரு ஹெக்டேரில் 3.75 டன் விதை, அதிலிருந்து சுமார் 1.2 டன் எண்ணெய் என்று அறிக்கை சொன்னது. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கும் ஒரு லாரி ஆண்டுக்கு 80,000 கிலோமீட்டர் ஓடினால் 20,000 லிட்டர் வேண்டும். அந்த ஒரு லாரிக்கு மட்டும் 36 ஏக்கர். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் எத்தனை லாரி நிற்கிறது என்று நினைத்தாலே போதும், விடை தெரிந்துவிடும்.

சாப்பிடும் எண்ணெயை எரிப்பதும் நமக்கு ஆகாது. இந்தோனேசியா தன் செம்பனை எண்ணெயை 2025 முதல் டீசலில் 40 சதவீதம் கலக்கிறது. பிலிப்பைன்ஸ் தேங்காய் எண்ணெயைக் கொஞ்சம் கலக்கிறது. அந்த நாடுகளில் அந்த எண்ணெய் உபரி. இந்தியா சமையலுக்கே ஆண்டுக்குச் சுமார் 1.6 கோடி டன் எண்ணெயை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய் விலையைப் பார்த்த எவரும் அதை இன்ஜினில் ஊற்ற நினைக்க மாட்டார். செம்பனைக்காக இந்தோனேசியாவில் அழிந்த காடுகளின் கணக்கையும் சேர்த்தால், வண்டியில் குறைந்த புகை வேறு எங்கோ கூடியிருக்கிறது.

2018-இல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை இலக்கை 2030-க்குள் 5 சதவீதம் என்று சுருக்கிக்கொண்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 27 அன்று டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஒரு ஸ்பைஸ்ஜெட் விமானம் காட்டாமணக்கு எண்ணெயில் எடுத்த எரிபொருள் கலந்து பறந்தது செய்தியானது. தரையில் ஓடும் டீசலில் பயோடீசல் இன்னமும் 1 சதவீதத்தைத் தொடவில்லை.

எஞ்சியிருப்பவை இரண்டு வழிகள்தான். ஒன்று, வயலுக்கு வராத மரம். புங்கன் அப்படிப்பட்டது. காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும், தழை நெல் வயலுக்கு உரமாகும், எண்ணெய் எடுத்த புண்ணாக்கும் உரம். சாலையோரத்திலும் ஓடைக்கரையிலும் நிழலுக்காக வைத்த மரத்தடியில் உதிரும் காயைப் பொறுக்கினால் போதும், அதற்கென்று ஓர் ஏக்கரும் ஒதுக்க வேண்டியதில்லை. மின்சாரம் வருவதற்கு முன் இலுப்பை எண்ணெயும் புங்க எண்ணெயும்தான் நம் வீடுகளிலும் கோயில்களிலும் விளக்கெரித்தன. கர்நாடகத்தில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் உடுப்பி ஸ்ரீநிவாசாவின் முயற்சியால் ககனஹள்ளி என்ற கிராமம் புங்க எண்ணெயில் ஜெனரேட்டர் ஓட்டித் தண்ணீர் இறைத்தது. ஒரு கிராமத்துக்கு அது சரியான அளவு. லாரிக் கூட்டத்துக்குப் போதாது. இலுப்பையில் எடுத்த பயோடீசலுக்கு இன்னொரு குணமும் உண்டு, குளிரில் உறையத் தொடங்கும். மார்கழியில் துடியலூரில் நிரப்பிக்கொண்டு ஊட்டிக்குப் போனவர் காலையில் வண்டி கிளப்பச் சிரமப்படுவார்.

இரண்டாவது வழி சட்டியில் மிஞ்சியது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அது சமையலுக்கு ஆகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஜூலை முதல் விதித்திருக்கிறது. அந்த எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் ஆக்கும் 'ரூக்கோ' திட்டம் அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் உணவகங்கள், இனிப்பகங்கள் கணக்கு வைத்து, அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும். 2019 ஆகஸ்ட் 10 அன்று எண்ணெய் நிறுவனங்கள் இந்த பயோடீசலை முதல் ஆண்டில் லிட்டர் 51 ரூபாய்க்கு வாங்கிக்கொள்வதாக 100 நகரங்களில் அறிவிப்புச் செய்தன. பெரிய உணவகங்கள், கேண்டீன்களிடமிருந்து ஆண்டுக்கு 140 கோடி லிட்டர் திரட்டலாம், அதிலிருந்து 110 கோடி லிட்டர் பயோடீசல் எடுக்கலாம் என்பது அப்போது அரசு சொன்ன மதிப்பீடு. 5 சதவீத இலக்குக்கு 500 கோடி லிட்டருக்கும் மேல் வேண்டும். ஆக, ஐந்தில் ஒரு பங்கு. குறைவுதான். ஆனால் இதற்கு நிலம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், ஒரு விவசாயியும் நஷ்டப்பட மாட்டார். அதோடு அந்தக் கறுப்பு எண்ணெய் மறுபடி யாருடைய வயிற்றுக்கும் போகாது. புகை குறைவதைவிட இதுவே பெரிய நன்மை என்று சொல்லத் தோன்றுகிறது.

கொங்கு மண்டலத்தில் கழிவு எண்ணெய் வேறு வடிவிலும் கிடைக்கிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்காக ஆய்ந்த ஜான் ஆபிரகாம், கோழிக் கழிவிலிருந்து உருக்கிய கொழுப்பில் பயோடீசல் எடுத்தார். அதற்கு 2021-இல் காப்புரிமை கிடைத்தது. தாவர எண்ணெய் இல்லை என்றாலும் வேதியியல் ஒன்றே.

மிச்சமிருக்கும் சிக்கல் சேகரிப்பு. பெரிய இனிப்பகத்திடம் வண்டி வந்து நிற்கும். துடியலூர் சந்திப்பில் நாளுக்கு ஒரு லிட்டர் மிஞ்சும் பஜ்ஜிக் கடைக்கு யார் வருவார்? 50 லிட்டர் விதி அந்தக் கடைக்காரரைத் தொடாது. ஆனால் பழைய எண்ணெயை மலிவாக வாங்கிப் போகும் ஆள் அவரிடம் சரியாக வந்துவிடுகிறார், அந்த எண்ணெய் வேறொரு சின்னக் கடையின் சட்டிக்குப் போகிறது. கலப்படக்காரர்களும் காத்திருக்கிறார்கள். ஏதேதோ தொழிற்சாலை எண்ணெயை 'பயோடீசல்' என்று பெயரிட்டு லாரிக்காரர்களுக்கு விற்று, நாசில் போன பிறகு ஆள் காணாமல் போன கதைகள் நாட்டின் பல பகுதிகளில் உண்டு. நல்ல பயோடீசலுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 15607. சாதாரண டீசலிலேயே 7 சதவீதம் வரை கலக்க விதி இடம் தருகிறது. தரச் சான்றில்லாமல் மலிவாக வருவதை வாங்குபவர், தன் இன்ஜினைப் பணயம் வைக்கிறார்.

சிறு அளவுகளை வீடு வீடாகச் சேர்ப்பது இந்த மண்ணுக்குத் தெரியாத வேலையும் அல்ல. டியூகாஸ் என்று ஊர் அழைக்கும் விவசாயிகள் கூட்டுறவு அமைப்பு துடியலூரில் இருக்கிறது. சுற்றுக் கிராமங்களில் காலையும் மாலையும் பால் சொசைட்டிக்கு ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று தூக்குப் பாத்திரத்தில் பால் வருகிறது. அங்கேயே கொழுப்புப் பார்த்து, கணக்கெழுதி, வாரம் தவறாமல் பணம் கொடுக்கிறார்கள். எண்ணெயின் சிதைவை அளக்கும் கைக்கருவியும் சந்தையில் உண்டு, சட்டியில் முக்கினால் சதவீதத்தைக் காட்டும். பஜ்ஜிக் கடைக்காரர் பழைய எண்ணெய் வியாபாரியிடம் வாங்கும் விலையைவிட இரண்டு ரூபாய் கூடுதலாக, கடை எடுத்து வைக்கும் நேரத்துக்கே வந்து ஒருவர் கொடுத்தால் போதும். மெஸ், பேக்கரி, கல்யாண மண்டபம், தீபாவளிக்கு இருபது நாள் முன்பிருந்தே முறுக்கும் அதிரசமும் சுடும் வீட்டுத் தொழில்கள் எல்லாம் இந்தச் சாலையில்தான் இருக்கின்றன. கேன் வைத்த வண்டி ஒன்றுதான் இன்னும் வரவில்லை.